பொறுப்பு அட்டை

1

போன மாதம் என் பேத்தி மாயா படிக்கும் கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசினேன். முதலாண்டு மாணவர்கள் கிரெடிட் கார்டைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. நான் இந்த மிச்சிகன் மாநிலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அதனால் என் பெயரை மாயாதான் கொடுத்திருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதால் முப்பது பேர் வந்திருந்தார்கள்.

வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். தேதி தவறாமல் கட்டுங்கள், முழுவதையும் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் அச்சடித்திருப்பது உங்கள் மேல் உள்ள இரக்கத்தால் அல்ல. பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண், கடை வேலையிலிருந்து நேரே வந்தவள் போல, சட்டைக்கு மேல் பச்சை ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கையைத் தூக்கி, “நான் அதைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்களா?” என்று கேட்டாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியும். கையில் இருந்த குறிப்பின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் குறிப்பைக் கீழே வைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாயா எழுந்து வந்து, ஏதோ ஒரு பதிலைச் சொல்லி, என்னை உட்கார வைத்தாள். காரில் வரும்போது, “தாத்தா, ஓகேயா?” என்றாள். அவளிடம் எஞ்சியிருக்கும் தமிழில் பாதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, சென்னையில் ராயபுரத்துக்கு வடக்கே ஒரு கல்லூரியில், ஒருவன் எழுந்து நின்று என்னிடம் இதே கேள்வியைக் கேட்டான். அன்றும் வகுப்பு சிரித்தது. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதை மாயாவால் படிக்க முடியாது, என் மகள் படிக்க மாட்டாள். அந்தத் துணிச்சலில்தான் தமிழில் எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் படிப்பீர்கள். அதற்காகவும்தான்.

2

அந்தக் கல்லூரியில் நான் வணிகவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. மாணவர்களில் பெரும்பாலோர் துறைமுகம், ரயில்வே, மீன்பிடி வேலைக்காரர்களின் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியின் தூசி மேசையில் படியும். விரலால் கோடு போடலாம்.

அமெரிக்காவில் அட்டையைக் காட்டிச் சாமான் வாங்கி மாதக் கடைசியில் பணம் கட்டுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அதை இங்கே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. கல்லூரியில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்று இருந்தது. நோட்டு, பேனா, சோப்பு, தேங்காயெண்ணெய், டீத்தூள், துண்டு எல்லாம் கிடைக்கும். அதற்குத் தலைவர் நான். நாற்பது மாணவர்களுக்கு ஓர் அட்டை. மாதம் பதினைந்து ரூபாய் வரை கடனாக வாங்கலாம். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். முடியாதவர்கள் பத்தில் ஒரு பங்காவது கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போடலாம், அதற்குச் சிறு தாமதக் கட்டணம். கடனைக் கையாளப் பழகிக்கொள்வார்கள் என்பது என் வாதம். முதல்வர் ஒப்புக்கொண்டார். ‘பொறுப்பு அட்டை’ என்று பெயர் வைத்தேன்.

வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்தேன். ரேஷன் கார்டு மாதிரி கட்டம் போட்ட அச்சு தன்னிடம் தயாராக இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும் என்றார் அச்சகத்துக்காரர். சரி என்றேன். மஞ்சள் நிறத் தடித்த அட்டை, உள்ளே வரிசை வரிசையாகக் கட்டங்கள். வாங்க வாங்க ஒவ்வொரு கட்டத்திலும் குறி போட வேண்டும்.

அந்த நாட்களின் ரேஷனைப் பற்றி இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரிசியும் சர்க்கரையும் வாரக் கணக்கு. இந்த வாரத்துப் பங்கை இந்த வாரமே வாங்க வேண்டும். விட்டால் போய்விடும், அடுத்த வாரம் சேர்த்துக் கேட்க முடியாது. தொடர்ந்து வாங்காமல் விட்டால் கார்டில் பொய்யாகத் தலை எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அதனால் கையில் காசில்லாத வாரத்திலும் எங்கேயாவது புரட்டி வாங்கிவிடுவார்கள். தனக்கு வேண்டாத சர்க்கரையைப் பக்கத்து வீட்டுக்காரிக்காவது வாங்கிக் கொடுப்பார்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அதுதான் அங்கே பொறுப்பு.

அட்டைகளைக் கொடுத்த அன்று வகுப்பில் விதிகளை விளக்கினேன். பதினேழாம் எண் அட்டை ஆரோக்கியசாமிக்கு. ராயபுரத்தில் கடலோரக் குடிசைப் பகுதி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், கப்பல் வந்தால்தான் கூலி. அவன் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

“சார், இந்த மாசம் எட்க்கலன்னா அட்த்த மாசம் கார்ட கேன்சல் பண்ணிடுவாங்களா சார்?”

பின்னால் ஒருவன், “இன்னா மாமு, கிருஷ்ணாயிலுக்கு கியூவுல நிக்கிற மாதிரியே கேக்குற” என்றான். வகுப்பு சிரித்தது. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “ஆமாம், வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவார், ஜாக்கிரதை” என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. நானும் சிரித்தேன். ஆரோக்கியசாமி மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

அதை நான் கவனித்தேன். திருத்தவில்லை.

3

மூன்றாவது மாதம் பண்டகசாலை எழுத்தர் நமச்சிவாயம் என் அறைக்கு வந்தார். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், எனக்குப் பத்து வயது மூத்தவர். தயங்கித் தயங்கித்தான் பேச்சைத் தொடங்கினார். பதினேழாம் எண்ணுக்குரிய சாமானை வாங்க மாணவன் வருவதில்லை, அவன் அம்மா வருகிறார். மாதக் கடைசித் தேதியில் பையோடு வந்து நிற்கிறார். பதினைந்து ரூபாய்க்கும் பைசா மீதியில்லாமல் வாங்குகிறார். பத்தாம் தேதி பத்தில் ஒரு பங்கை மட்டும் கட்டுகிறார், ரேஷன் போல அதுதான் விலை என்று நினைத்து. சோப்பையும் டீத்தூளையும் அக்கம்பக்கத்தில் பிரித்துக் கொடுக்கிறாராம், வாங்கின விலைக்கே.

“லைனே இல்லாத எடத்துல லைன்ல நிக்கறாங்க சார். இத்த ரேஷன்னு நெனச்சிக்கினு கீறாங்க. நான் சொல்லிடட்டா?”

இந்த இடத்தில்தான் நான் நேராகப் பேச வேண்டும். அந்த நேரத்தில் நான் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். இதே மிச்சிகனில் ஒரு பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். கடைசிக் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கட்டத் தவறியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? என்னிடம் அப்படி ஒருவரும் இல்லை. முப்பத்தொன்பது பேரும் பயந்துகொண்டு ஒரு பென்சில், ஒரு நோட்டு என்று வாங்கிப் பத்தாம் தேதிக்கு முன்பே கட்டிவிட்டார்கள். யாரும் தவறாத சோதனையை யார் படிப்பார்கள்?

“சொல்ல வேண்டாம்” என்றேன். “வருடக் கடைசியில் தெரியத்தானே போகிறது. அப்போதுதான் பாடம் மனதில் நிற்கும்.”

 “சரிங்க சார்” என்று நமச்சிவாயம் போனார். ஒவ்வொரு மாதமும் பதினேழாம் எண்ணின் பாக்கியை மட்டும் ஒரு சீட்டில் எழுதி என் மேசையில் வைப்பார்.  நான் அதை என் அட்டவணையில் ஏற்றிக்கொள்வேன்.

4

இங்கே என் நாட்கள் ஒரே மாதிரி போகின்றன. காலையில் பனியைத் தள்ளிவிட்டு வாசல் தபால் பெட்டியைத் திறப்பேன். பாதிக்கு மேல் புது கார்டு தருகிறோம் என்ற உறைகள். இந்த நாட்டில் ஒரு மனிதனின் நம்பகத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வாடகைக்கு வீடு வேண்டுமென்றால், கார் வேண்டுமென்றால், சில இடங்களில் வேலை வேண்டுமென்றால்கூட அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் ஒரு நாள்கூடத் தவணை தவறியதில்லை.

சென்ற வருடம் மாயா என் எண்ணைத் தன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகத் தமிழிலேயே சொன்னாள். அவளுக்கு ‘ற’ வராது. “தாத்தா, உங்க நம்பர் எண்ணூரு. சூப்பர்” என்றாள்.

கையில் இருந்த காபி சட்டையில் கொட்டிவிட்டது. அவளுக்குக் காரணம் புரியவில்லை. வயதாகிவிட்டது என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். எண்ணூர் என்ற பெயர் என்னை ஏன் அப்படி உலுக்கியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

5

பரீட்சைக்கு முந்தின மாதம் ஹால் டிக்கெட் கொடுக்கும் நேரம். நூலகம், ஆய்வுக்கூடம், பண்டகசாலை எல்லா இடத்திலும் ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் கொடுப்பார்கள். பண்டகசாலைக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆரோக்கியசாமியின் பெயரில் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் நின்றது. அவன் அப்பாவின் ஏறக்குறைய ஒரு மாதக் கூலி.

மத்தியானம் அம்மாவும் மகனும் நமச்சிவாயத்தோடு வந்தார்கள். அந்த அம்மாள் பெயர் அந்தோணியம்மாள். துவைத்த சேலை, நெற்றி வியர்வை, செருப்பை வராந்தாவிலேயே கழற்றிவிட்டிருந்தார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“இத்தினி மாசமும் ஒரு கட்டம்கூட காலியா வுட்ல சார்” என்றார். “ஒயுங்கா வந்து எட்த்துகினு போனேன். இவரையே கேளுங்க. இப்போ கடன்னு சொல்றீங்களே.”

இது ரேஷன் இல்லை, எவ்வளவு குறைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நான் விளக்கினேன். நிதானமாக, நல்ல தமிழில், வகுப்பு நடத்துவது போலவே விளக்கினேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எட்க்கலன்னா இன்ஸ்பெக்டர் வருவாருன்னு சொன்னீங்களே சார்.”

“அது விளையாட்டுக்குச் சொன்னதப்பா.”

“எனக்குத் தெரியல சார்” என்றான். பி.காம் கடைசி வருடப் பையன். என் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவன். கடன் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலிக் கட்டத்தைப் பற்றிய பயம் அவன் வீட்டில் அரிசியோடு சேர்த்து ஊட்டப்பட்டது. அந்தப் பயத்தின் மேல் நான் ஒரு முத்திரையும் குத்தியிருந்தேன்.

அந்தோணியம்மாள் மடியிலிருந்து பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அவர்கள் வீட்டு ரேஷன் கார்டு. இரண்டு கையாலும் பிடித்து மேசையில் வைத்தார்.

“இத்த வச்சிக்கோங்க சார். கார்டுக்குக் கார்டு. ரெண்டு வாரத்துல துட்டக் கட்டிட்டு வாங்கிக்கிறேன். எட்க்காத வாரம் போனா போவட்டும். பையன் பரிச்ச எய்தணும்.”

அன்று என் சட்டைப் பையில் சம்பளப் பணம் இருந்தது. நான் போட்ட சோதனை, நான் சொன்ன பொய், நான் வளர்த்த பாக்கி. நானே கட்டியிருக்கலாம். அல்லது கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா கையெழுத்துப் போட்டிருக்கலாம். அடகு பிடித்து வைத்தால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து கார்டை உள்ளே போட்டு மூடினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன், ஏதோ பெரிய உபகாரம் செய்வது போல.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது. அதுவரை சார் என்று கூப்பிட்டவர், “நீ நல்லா இருப்ப நைனா” என்றார்.

நான் நன்றாகத்தான் இருந்தேன். இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறேன்.

6

மறுநாளே மிச்சிகனிலிருந்து தந்தி வந்தது. கோடைப் பருவத்திலேயே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். விசா, டிக்கெட், மருத்துவச் சான்று என்று அலைந்ததில் மற்றதெல்லாம் மறந்துபோனது. அந்த அம்மாள் கேட்ட இரண்டு வாரம் முடிவதற்குள்ளேயே கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மேசை இழுப்பறையில் இருந்த காகிதங்களை அப்படியே அள்ளி ஒரு கோப்பில் திணித்துப் பெட்டியில் வைத்தேன்.

இங்கே வந்து ஒரு மாதம் கழித்து நமச்சிவாயத்தின் கடிதம் வந்தது. இன்றும் எனக்கு அது வரி பிசகாமல் நினைவில் இருக்கிறது. “ஆரோக்கியசாமியின் தாயார் சொன்ன நாளில் முழுத் தொகையையும் கட்டி ரசீது பெற்றுக்கொண்டார். ரேஷன் கார்டைக் கேட்கிறார். தங்கள் மேசையில் தேடினேன், இல்லை. தாங்கள் பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடன் அனுப்பி வைக்கவும்.”

கோப்பைத் திறந்தேன். பிளாஸ்டிக் காகிதம்கூடக் கலையாமல் இருந்தது.

அப்போது என் கட்டுரை அச்சுக்குப் போய்த் திருத்தப் படி வந்திருந்தது. பதினேழாம் எண் மாணவரைப் பற்றிய பத்தியைப் பேராசிரியர் பாராட்டியிருந்தார். ‘பாக்கியைக் கடைசிவரை செலுத்தவில்லை’ என்று நான் எழுதியிருந்தேன். எழுதியபோது அது உண்மை. கடிதம் வந்த பிறகு உண்மையில்லை. சொன்ன நாளில், முழுவதும், தாமதக் கட்டணத்தோடு கட்டிவிட்டார்கள். ஒரு வரியை அடித்தால் போதும். அடித்தால் அந்தப் பத்தியே விழுந்துவிடும். அடிக்காமல் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினேன். அது எங்கோ ஒரு நூலகத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கார்டை உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால் நிலையத்துக்குப் போனேன். பதிவுத் தபாலுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். உள்ளே என்ன, அதன் மதிப்பு என்ன? நம் ஊரில் சொல்வது போல ‘ஃபேமிலி கார்டு’ என்றேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், குடும்பத்துக்கு அனுப்பும் வாழ்த்து அட்டை என்று நினைத்துச் சிரித்தாள். விளக்க என் பேச்சு ஆங்கிலம் அன்று போதவில்லை. மதிப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். மதிப்பே இல்லாததற்கு எதற்கு இவ்வளவு செலவு, சாதாரணத் தபாலில் போடுங்கள், கப்பலில் போய்ச் சேரும் என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். கப்பலில் போனால் தொலைந்துவிடுமே என்று தோன்றியது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் போகவில்லை. தபால் செலவுதான் காரணம் என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த உறைக்குள் ஒரு கடிதமும் வைக்க வேண்டியிருந்தது. அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர்கள் வேறு கார்டு வாங்கியிருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். நமச்சிவாயத்துக்குப் பதில் எழுதவில்லை.

7

ஆறு ஆண்டுகள் கழித்து அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். கார்டைக் கொண்டு போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்குப் போனேன்.

குடிசைகள் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகள் எழும்பியிருந்தன. கம்பிகளில் ஈரத்துணி. கடலைத் தடுக்கப் போட்டிருந்த கற்களின் மேல் ஓர் அம்மாள் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். பெயர் லூர்தம்மா, அந்தோணியம்மாளின் பழைய பக்கத்து வீட்டுக்காரர். கல்லூரிப் பக்கமிருந்து வருகிறேன், ஆரோக்கியசாமியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் காக்கையை விரட்டிக்கொண்டே பேசினார்.

“அவங்க இங்க இல்ல சார். கம்மல வித்து காலேஜுக் கடன அடச்சா அந்தோணியம்மா. ஆனா கார்டு வரல. ஆபீசுல போய் கேட்டா, தொலஞ்சிப்போச்சின்னு ஒரு வார்த்த எய்திக் குடு, வேற கார்டு தர்றோம்னாங்க. இவ மாட்டேன்னுட்டா. தொலையல, சார் கைல பத்திரமா கீதுன்னு நின்னா. ஒரு தபா இல்ல, நாலு தபா. அப்போ அந்த சார்கிட்டயே போய் வாங்கிக்கமான்னு சிரிச்சி அனுப்பிட்டாங்க.”

தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கு அந்நியமாக இருந்தது.

“நானும் அத்தத்தான் சொன்னேன். பொய் எய்திக் குடுத்தா, நாளைக்கு சார் கார்ட அனுப்பனா நாமதான சார் மாட்டிக்கிவோம்னா. அதுவும் நாயந்தான?”

வீடு கொடுப்பதற்குப் பெயர் எழுத வந்தவர்கள் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். கார்டு காட்டியவர்கள் மாடிக்குப் போனார்கள். ஆரோக்கியசாமி பாஸ் செய்துவிட்டான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போன இடத்திலும் முகவரிக்கு ரேஷன் கார்டு கேட்டார்களாம். இதையெல்லாம் லூர்தம்மா ஊர்க்கதை போலச் சொன்னார்.

“இப்போ எண்ணூர்ல, கரண்ட்டு எடுக்குற எடத்துல கரி அள்ளிக்கினு கீறான். காண்ட்ராக்ட்டு வேல. இருமுனா கறுப்பா வருதாம். போன கிறிஸ்மஸுக்கு வந்தப்போ அவ அழுதா.” மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் செருப்பையும் கடிகாரத்தையும் பார்த்தார். “நீதான் அந்த சாரா?”

“இல்லை” என்றேன்.

“அத்தான பார்த்தேன். அவரு ஃபாரின்ல கீறாராம். வருவாரு வருவாருன்னு இன்னும் சொல்லிக்கினு கீறா.”

எண்ணூர் பஸ் ஏறினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர்கள். தூரத்தில் புகைபோக்கி தெரிந்தது. பஸ் போகப் போக அது உயர்ந்துகொண்டே வந்தது. அதன் கீழே எங்கோ அவன் இருந்தான். அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, பையிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்டுகளை எல்லாம் ரத்து செய்துவிட்டுப் புதியவை கொடுத்துவிட்டார்கள். அண்ணன் வீட்டிலேயே புதிதைப் பார்த்திருந்தேன். இது இனிச் செல்லாது. திருப்பிக் கொடுத்தாலும் பயனில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட வேண்டியவை பல உண்டு. அந்த நிம்மதிக்குக் கீழேதான் மற்றவையெல்லாம். திருவொற்றியூரில் இறங்கி, எதிர்த்த பக்கம் போய் நின்று, ஊருக்குள் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பயணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

8

கல்லூரிப் பேச்சுக்கு இரண்டு நாள் கழித்து மாயா வந்தாள். நான் மேசைமேல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தேன். அவள் கார்டைக் கையில் எடுத்தாள். பழுப்பேறி ஓரங்கள் உதிர்ந்துபோன ஒரு மடிப்பு. முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள். அப்பா, அம்மா, ஆரோக்கியசாமி, இரண்டு தங்கைகள். உள்ளே கட்டங்கள். முதல் நான்கு வரிசைகளிலும் ஒன்று விடாமல் நீல மைக் குறி. ஐந்தாம் வரிசையில் இரண்டு குறிகள். அதன் பிறகு ஒன்றுமில்லை.

அவளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, கட்டம் தெரிகிறது. காலியாக இருக்கும் கட்டங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். “இது எக்ஸ்பயர் ஆயிடுச்சா தாத்தா?” என்று கேட்டாள்.

அந்தப் பச்சை ஏப்ரன் பெண்ணின் பெயரை மாயாவிடம் கேட்டு வாங்கி, அவளுக்குப் பதில் எழுதிவிட்டேன். ஆமாம், பயன்படுத்தாமல் விட்டால் பிடுங்கிக்கொள்ளலாம், அந்தப் பயத்துக்காக வேண்டாததை வாங்காதே, யார் வேடிக்கையாகப் பதில் சொன்னாலும் மறுபடி கேள் என்று எழுதினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

மாயாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆரோக்கியசாமி இருந்தால் அவனுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கரித்தூசியில் அத்தனை காலம் இருந்தவர்கள் எழுபதைத் தாண்டுவார்களா என்று எனக்குத் தெரியாது. எண்ணூரிலோ அத்திப்பட்டிலோ அந்தத் தங்கைகளின் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கக்கூடும். ரேஷன் ஆபீசில் நான்கு முறை போய் நின்ற ஒரு பாட்டியைப் பற்றி, அவர் பிடிவாதத்தைப் பற்றி, உங்கள் வீட்டில் யாராவது சொல்லிச் சிரித்திருந்தால், இனிச் சிரிக்க வேண்டாம். அவர் அங்கே சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

கார்டு தொலையவில்லை. என் கையில்தான் இருக்கிறது.